செடிக்கறி

"அந்தப் பாலைத் தொட்டது யாரு?"

சுப்புலட்சுமி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஓட்ஸ் பால் டப்பா. அதைக் காதருகே வைத்து ஆட்டி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள்.

இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்த யோகேஸ்வரி திரும்பினாள்.

"நான்தான் மதினி... நாலஞ்சு நாளா வயித்துல எரிச்சல். மாட்டுப்பால் ஒத்துக்கிட மாட்டேங்குது. பிரீத்திதான், இதைக் குடிச்சுப் பாருங்க அத்தைன்னு சொன்னா. அரை டம்ளர்தான் ஊத்துனேன்."

"அரை டம்ளரா! அது எம்புட்டு வெலன்னு தெரியுமாடி உனக்கு? மெட்ராஸ்ல இருந்து பார்சல்ல வருது! பெரிய எடத்துப் புள்ளைக்குன்னு வாங்கி வச்சா, இவளுக்கு நாக்கு நீளுது... உன் ஒடம்புக்கு மோர் போதாதா?"

யோகேஸ்வரி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். கண் கலங்கியது. மருமகள் வந்த பிறகும், ஒரு வாய்ப் பாலுக்கு இந்தப் பேச்சு!

கூடத்திலிருந்து அய்யாதுரையின் குரல் வந்தது.

"ஏக்கா, காலங்காத்தால ஏன் சத்தம் போடுதீக? மத்தியானம் சம்பந்தி வீட்டாளுக விருந்துக்கு வர்றாக. அவளைச் சோலியப் பாக்க விடுங்க."

மனைவிக்குப் பரிந்து அவர் பேசவில்லை. விருந்து நேரத்துக்கு ஆக வேண்டுமே என்ற கவலை, அவ்வளவுதான். அது யோகேஸ்வரிக்கும் தெரியும்.

அய்யாதுரைக்குத் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. வீடு சிவகாசிக்குள். சுப்புலட்சுமி அவருடைய அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். பீரோச் சாவியிலிருந்து மளிகைச் சாமான் வரை எல்லாம் அவள் கையில்தான். அடுப்பு மட்டும் யோகேஸ்வரி கையில்.

ஒரே மகன் சூர்யபிரகாஷுக்கு இந்தத் தையில்தான் கல்யாணம் ஆயிற்று. மருமகள் பிரீத்தி, காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற பெரிய அச்சாபீஸ் முதலாளி ஊர்க்காவலனின் மகள். பெங்களூரில் படித்தவள். அங்கேயே கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். பால், தயிர், நெய்கூடத் தொடமாட்டாள். தேன்கூடக் கிடையாது. வீகன் என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லப் பழகவே சுப்புலட்சுமிக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆனால் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. மருமகளுக்கென்று தனி ஃபிரிட்ஜ் வந்தது. டோஃபு வந்தது, முந்திரியில் செய்த வெண்ணெய் வந்தது. சோயாவையும் பட்டாணியையும் அரைத்து ஆட்டுக்கறி போலவே ஆக்கிய பாக்கெட்டுகள், ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வந்து இறங்கின. அவற்றுக்குச் சுப்புலட்சுமி வைத்த பெயர் செடிக்கறி. அந்தப் பாக்கெட் ஒன்றின் விலையும், அவர்கள் கம்பெனியில் ஒரு பெண் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து வாங்கும் கூலியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"எங்க மருமகளுக்கு ஈ எறும்பு செத்தாக்கூடத் தாங்காது. அம்புட்டு எளகுன மனசு!" என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு.

அதே வீட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக யோகேஸ்வரியும் கறி சாப்பிடுவதில்லை. அவளுக்கு யாரும் எளகுன மனசு என்று பட்டம் கொடுக்கவில்லை. கறி ஆக்கும் நாளில் அவளுக்கென்று ஒரு ரசம் வைக்கக்கூட அனுமதி கிடையாது. "ரெண்டு சமையலா? கேஸ் சும்மாவா வருது?" என்பாள் சுப்புலட்சுமி. எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, யோகேஸ்வரி மோரும் ஊறுகாயும் வைத்துச் சமையலறைத் தரையில் தனியாகச் சாப்பிடுவாள். சாமியாரிணி, திமிர் பிடித்தவள், புருஷன் வீட்டுச் சோற்றை இளக்காரமாய்ப் பார்க்கிறவள்... எத்தனையோ பேச்சு! பெற்ற மகனே அவளோடு ஒட்டாமல் வளர்ந்தான். அவனுக்கு ஊட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் அத்தை சுப்புலட்சுமிதான். யோகேஸ்வரியை விட்டால்தானே!

அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் சுக்காவும் தயாராகிக்கொண்டிருந்தபோது பிரீத்தி சமையலறைக்கு வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகிலேயே நின்றாள்.

"உள்ள வர முடியல அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. வெங்காயம் கொடுங்க, இங்க இருந்தே உரிச்சுத் தர்றேன்."

"இருக்கட்டும்மா. உன் கையெல்லாம் எதுக்கு நாறணும்?"

"உங்களுக்கு எப்படித் தாங்குது? நீங்களும் சாப்பிடுறதில்லையே..."

"பழகிப்போச்சு."

"நான் ஒரு பால் பண்ணைக்குப் போயிருந்தேன் அத்தை. கன்னுக்குட்டியைப் பிரிச்சுக் கட்டியிருந்தாங்க. அது கத்துது, இந்தப் பக்கம் தாய்மாடு கத்துது. நடுவுல ஒரு ஆள் பாலைக் கறந்துட்டே இருக்கான். அன்னைக்கு விட்டதுதான்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ஏன் விட்டீங்க அத்தை?"

யோகேஸ்வரியின் கை கரண்டியோடு நின்றது. இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்டதில்லை. திட்டியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள்... கேட்டதில்லை. வாயைத் திறப்பதற்குள் சுப்புலட்சுமி கூப்பிட்டுவிட்டாள்.

"வாசல்ல கார் வந்திருச்சு! எலையப் போடு!"

ஊர்க்காவலனும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பும் பேச்சுமாகப் பந்தி ஆரம்பித்தது. பிரீத்தியின் இலையில் மட்டும் வறுத்த செடிக்கறி. ஊர்க்காவலன் அதில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார்.

"அட! அசல் ஆட்டுக்கறி தோத்துப்போகும்! நாரு நாரா வருது பாருங்க சம்பந்தி!"

சுப்புலட்சுமிக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த யோகேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ யோகேஸ்வரி, இங்கன வா! இதுல ஆடும் இல்ல, மாடும் இல்ல. உசுரே இல்லாத கறி. ஒரு வாய் தின்னு, பாப்போம்!"

"வேண்டாம் மதினி..."

"ஏன் வேண்டாங்க? ஆட்டுமேல பாவப்பட்டுத்தான கறி திங்க மாட்டே? இதுல என்ன பாவம்? சம்பந்தி மூஞ்சிக்கு முன்னால தின்னு!"

"சாப்பிடேன். என்ன பிகு பண்ணுதே?" என்றார் அய்யாதுரை, இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். பல் அதில் பட்டது. அவ்வளவுதான்... வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள்.

முகம் கழுவிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது சுப்புலட்சுமி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீகளா! வேசம் வெளுத்துப் போச்சு! ஆட்டுமேல எரக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நம்ம வீட்டுல நாம நல்லாத் திங்கிறதுதான் இவளுக்குப் பொறுக்கல!"

"அத்தை, விடுங்க" என்றான் சூர்யா. பிறகு தாயின் பக்கம் திரும்பினான். அவன் முகம் சிவந்திருந்தது. "ஆனா அத்தை சொல்றதுல என்ன தப்பு? எனக்கு மறக்குமா? சின்னப்புள்ளையில நான் கறிச்சோறு திங்க உக்காந்தேன். மொத வாய் வாய்க்குப் போகல, வந்து தட்டையே தட்டி விட்டீங்க! செவத்துல போய் விழுந்துச்சு. பசியில அழுதேன். அதுதான் உங்களைப் பத்தி எனக்கு இருக்கிற மொத ஞாபகம். பெத்த புள்ள சாப்பிடுறதைப் பொறுக்காத அம்மா எங்கயாவது உண்டா?"

யோகேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிரீத்தி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அத்தை? அப்பவே கேட்டேனே. இப்பவாவது சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றாள் யோகேஸ்வரி. குரல் நடுங்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "நான் ஆட்டுமேல பாவப்பட்டேன்னு எப்பவும் சொன்னதில்ல. இவன் சின்னப்புள்ளையா இருந்த வருசம், பட்டாசு சீசன் நல்லா இருந்துச்சு. லோடு பூராம் போன பெறகு கம்பெனியில எல்லாருக்கும் கறிச்சோறு. ஆக்குற எடத்துல நான்தான் நின்னேன். ஒரு சின்ன ஆர்டர் மட்டும் பாக்கி இருக்குன்னு ஒரே ஒரு ரூம்ல பட்டாசுக்கு மருந்து செலுத்திக்கிட்டு இருந்தாக..."

"ஏ! வாய மூடு!" அய்யாதுரை எழுந்துவிட்டார். "சம்பந்தி இருக்கும்போது என்ன பேச்சு இது!"

"மூடித்தான் இருந்தேன், இம்புட்டு வருசமா! அந்த ரூம் வெடிச்சுச்சும்மா. தாயில்பட்டி சங்கரேஸ்வரியை வேன்ல ஏத்துனாக. கூட வர ஒரு பொம்பளை வேணும்னாக. நான்தான் ஏறுனேன். அவ ஒடம்புல தொடுறதுக்கு எடம் இல்ல... போற வழியில என்னைப் பாத்து ஒண்ணு கேட்டா. 'அக்கா, எம் பாப்பாவுக்குக் கறிச்சோறு கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு தூக்குவாளியில எடுத்து வச்சிருங்க. பாத்துக்கிட்டே இருப்பா'ன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேருறதுக்குள்ள உசுரு போயிருச்சு."

யோகேஸ்வரி மதினியின் பக்கம் திரும்பினாள்.

"நான் வீட்டுக்கு வந்தேன். சேலையெல்லாம் கருகுன வாடை. வந்து பாத்தா... கம்பெனியில ஆக்குன அந்தக் கறி, அண்டாவோட நம்ம வீட்டுக் கூடத்துல இருக்கு! காசு போட்டு வாங்குன கறி வீணாப் போகவான்னு தூக்கிட்டு வந்து, உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தாக. உங்க மாமாவும், இந்த மதினியும். என்னைப் பாத்ததும் எனக்கும் ஒரு எலை போட்டாக. ஏன் ராசா..." அவள் மகனைப் பார்த்தாள். "உன் தட்டுலயும் அந்தக் கறிதான் இருந்துச்சு. செத்துப்போனவ தம்புள்ளைக்குக் கேட்டது. அதை நீ திங்க நான் எப்படிப் பாத்துக்கிட்டு நிப்பேன்? அதான் தட்டி விட்டேன். அதுக்கு உங்கப்பா என்னை அறைஞ்சாரு. அது உனக்கு ஞாபகம் இருக்காது."

"அம்மா...!"

"மறுநாள் தாயில்பட்டிக்குப் போறேன்னு கெளம்புனேன். போனா நீ திரும்பி வர வேண்டாம், புள்ள மட்டும் இங்கன இருக்கும்னாக. உன்னை விட்டுட்டுப் போக முடியல. இருந்தேன். இருந்தும் என்ன... உன்னை எங்கிட்ட விடவா செஞ்சாக?"

சூர்யா இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான். சுப்புலட்சுமியை நோக்கி, "அத்தை, அம்மா சொல்றது நெசமா?" என்றான்.

"அன்னிக்கு நெலமை அப்படி..." சுப்புலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எல்லாரும் பட்டினியாக் கெடந்தோம். ஏதோ தெரியாம..."

"பழைய கதை எதுக்கு இப்ப?" என்று ஊர்க்காவலன் கைகழுவப் போனார். "தொழில்னா இதெல்லாம் இருக்கும்தான். சம்பந்தி, நாங்க இன்னொரு நாள் வர்றோம்."

"அப்பா!" என்றாள் பிரீத்தி. "கன்னுக்குட்டிக்காக நான் அழுதப்ப எம்புட்டுப் பெருமையா எல்லார்கிட்டயும் சொன்னீங்க! இதுக்கு அழ மாட்டீங்களா?" அவர் நிற்காமல் வெளியே போனார். அவர் மனைவியும் பின்னால் போனாள்.

சூர்யா தாயின் காலடியில் உட்கார்ந்தான். அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை பெரிய பிள்ளை, குலுங்கிக் குலுங்கி அழுதான். "இத்தனை வருசம் உங்களை நான்... மன்னிச்சிருங்கம்மா." அவன் தலையை இப்படிக் கோதி எத்தனை காலமாயிற்று! யோகேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். தூக்குவாளியை எடுத்துக் கழுவி, அடியில் சோறு வைத்து, மேலே ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றினாள்.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்றார் அய்யாதுரை.

"சேர வேண்டிய எடத்துக்கு."

"வாசப்படியத் தாண்டுனா திரும்பி வராத! சொல்லிட்டேன்."

அதே வார்த்தைகள். அன்றைக்கு அவளைக் கட்டிப்போட்டவை. யோகேஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வரலீங்க" என்றாள்.

சூர்யா காரை எடுத்தான். பின்சீட்டில் பிரீத்தி. தூக்குவாளி வழியில் ஆடிச் சிந்தப் பார்த்தது. பிரீத்தி அதை வாங்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குழம்பு வாடையில் அவள் கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் தாயில்பட்டி வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை.

சங்கரேஸ்வரியின் மகள் பெயரையும் வீட்டையும் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். சங்கரேஸ்வரியின் அதே நெற்றி. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பாண்டீஸ்வரி, நான்... அய்யாதுரை வீட்டுல இருந்து வர்றேம்மா. உங்கம்மா கூட வேன்ல வந்தது நான்தான்." யோகேஸ்வரி தூக்குவாளியை நீட்டினாள். "உனக்குக் கொடுக்கச் சொன்னா. அன்னிக்கே வந்திருக்கணும்."

பாண்டீஸ்வரி மூடியைத் திறந்து பார்த்தாள். முகம் இறுகிப்போயிற்று.

"கறிச்சோறா? எடுத்துட்டுப் போங்க!"

"அம்மாடி..."

"எங்கம்மா வேலைக்கே வரல, ஓசிக் கறிச்சோத்துக்கு வந்து செத்தான்னு சொன்னது உங்க கம்பெனிதான? பள்ளிக்கூடத்துல என் பேரே 'கறிச்சோத்துக்குச் செத்தவ மக'தான். அன்னில இருந்து நாங்க கறி எடுக்கிறதே இல்ல. எங்கப்பா இந்தத் தெருவுல தலைய நிமித்தி நடந்ததில்ல. இப்பவும் கறிச்சோத்தோட வந்து நிக்கீகளே... உங்களுக்கு மனசே கெடையாதா?"

அந்த வீட்டுக்குச் சேர வேண்டியது கறி என்று யோகேஸ்வரி இத்தனை காலம் நினைத்திருந்தாள். கம்பெனி அப்படிச் சொல்லி நஷ்டஈட்டைத் தட்டிக்கழித்தது அவள் காதுக்கு வந்ததே இல்லை.

"இல்லம்மா! யாரு சொன்னா அப்படி? உங்கம்மா வேலைதான் பாத்துக்கிட்டு இருந்தா! ஒரு ஆள் வரலைன்னு போர்மேன் அவளை உள்ள உக்கார வச்சாராம். வேன்ல அவளே எங்கிட்டச் சொன்னா. உள்ள உக்காந்து மருந்து செலுத்திக்கிட்டு இருக்கும்போதுதான்..."

அறைக்குள் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். ஒட்டிய கன்னம், நரைத்த தாடி. சங்கரேஸ்வரியின் புருஷன் தனுஷ்கோடி.

"என்ன சொன்னீக?"

"வேலைதான் பாத்தா அண்ணே. எம் புள்ள மேல சத்தியமாச் சொல்றேன்."

தனுஷ்கோடி அவளை நெருங்கி வந்தார். "இதைச் சொல்றதுக்கா இம்புட்டு வருசமாச்சு உங்களுக்கு?" என்றார். யோகேஸ்வரி தலை குனிந்து நின்றாள். அவர் அவளைத் தாண்டிக்கொண்டு நேரே தெருவுக்குப் போனார். தள்ளாடிக்கொண்டே நடுத்தெருவில் நின்றார்.

"ஏ...! எல்லாரும் வாங்க! வந்து கேளுங்க! எம் பொஞ்சாதி சோத்துக்குப் போய்ச் சாகல! வேலை பாத்துச் செத்தா! வேலை பாத்து...!"

அதற்கு மேல் குரல் எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமையானதால் வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சூர்யாவின் கைபேசி ஒலித்தது. அய்யாதுரை. அவன் அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். "சொல்லுங்கம்மா" என்றான் மெல்ல. "நான் பக்கத்துலயே நிக்கிறேன். எங்க வந்து சொல்லணும்னாலும் நானும் வர்றேன்."

யோகேஸ்வரி தெருவில் இறங்கினாள். இருபது வருஷமாகச் சமையலறையைத் தாண்டிக் கேட்காத குரல் அது. முதலில் கரகரத்தது.

"நான் அய்யாதுரை முதலாளி பொஞ்சாதி. சங்கரேஸ்வரி அன்னிக்குக் கம்பெனியில வேலை பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. எங்க வீட்டாளுக சொன்னது பொய்."

பாண்டீஸ்வரி ஈரக்கையோடு ஓடிவந்தாள். யோகேஸ்வரியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டிக்கொள்ளத்தான் வந்தாளா, உலுக்கத்தான் வந்தாளா, யாருக்கும் புரியவில்லை.

"தெருக்கோடியில இருக்கிறவுகளுக்குக் கேக்கல" என்றாள் அழுதுகொண்டே. "இன்னும் சத்தமாச் சொல்லுங்க."

யோகேஸ்வரி இன்னும் சத்தமாகச் சொன்னாள்.